மல்லாட்டை வைத்த சாக்லேட்

சாக்லேட் உருகத் தொடங்கியதும் என் வீட்டுக்காரர் எழுந்து போய் சன்னலைத் திறந்துவிட்டு வந்தார்.

"வாசன ஜாஸ்தியா கீது ரோஸி. தொண்ட காயுது" என்றார்.

அடுப்பில் குண்டான் நிறைய வெந்நீர். அதன்மேல் ஒரு எவர்சில்வர் கிண்ணம். கிண்ணத்துக்குள் சாக்லேட் கட்டி ஓரத்திலிருந்து தளர்ந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியை அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து வலது கையால் கிண்டினார். இடது கை மடியில் கிடந்தது.

அந்தக் கையில்தான் டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். தொட்டால் உள்ளே வண்டு சுற்றுவதுபோல் அதிரும் என்று போன வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "என் அப்பா கையைப் பிடித்துப் பார்த்ததுபோல் இருந்தது" என்று எழுதியிருந்தார். அவருக்கு என்ன பதில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் இந்த சாக்லேட் ஞாபகம் வந்தது.

கரண்டியைத் தூக்கி, சாக்லேட் எப்படி விழுகிறது என்று பார்த்தார். வாலிபம் முழுக்க சுவருக்கும் கதவுக்கும் பெயின்ட் அடித்தவர்.

"எனாமலும் இந்தப் பதந்தான். நூலு அறாம வுழணும்."

"தண்ணி பட்டுடப்போவுது, பாத்துங்க."

ஆவி திரண்டு ஒரு சொட்டு உள்ளே விழுந்தாலும் போதும், சாக்லேட் மணல் மணலாகத் திரிந்துவிடும். முதல் தடவை அப்படித்தான் ஒரு கட்டி முழுக்க வீணாயிற்று.

"இதுக்கும் தண்ணி ஆவாது, எனக்கும் ஆவாது" என்று சிரித்தார்.

அவருக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் கணக்கு. சிறுநீரகம் இரண்டும் நின்றுபோனவருக்குக் குடித்தது வெளியே போக வழியில்லை. வாழைப்பழம், இளநீர், கொட்டை வகைகள் எதுவும் கூடாது. சாக்லேட் கூடவே கூடாது. அப்படிப்பட்ட மனிதர் அந்த டிசம்பர் முழுவதும் கிண்ணம் கிண்ணமாக அதைக் கிண்டிக்கொண்டிருந்தார், ஒரு விரல்நுனிகூட வாயில் வைக்காமல்.

கட்டைவிரல் பதிந்த கேக் பெட்டி

திண்டிவனத்தில் எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் என்றால் முதலில் வெளுப்பது சுவர்கள்தான். அவர் வேலை செய்த காலத்தில் டிசம்பரில் வீடு தங்கமாட்டார். கிறிஸ்துமஸுக்கு எங்கள் ஆட்கள் வீடு, பொங்கலுக்கு மற்றவர்கள் வீடு என்று தை பிறக்கும்வரை ஏணியிலேயே இருப்பார்.

இருபத்துநான்காம் தேதி சாயங்காலம் கேக் பெட்டிகளோடு வருவார். எங்களுக்கு ஒன்று, மீதி தெருவுக்கு. யார் வீட்டில் சாவு விழுந்து பண்டிகை இல்லையோ, யார் வீட்டில் ஆம்பளை இல்லையோ, அங்கேயெல்லாம் ஒரு பெட்டி போகும். பெட்டிமேல் நீலத்திலோ மஞ்சளிலோ அவர் கட்டைவிரல் பதிந்திருக்கும். "மண்ணெண்ண போட்டுத் தொடச்சிட்டுத் தொடக்கூடாதா?" என்று நான் கேட்பேன். "வெறுங்கையா போனாத்தான் கேவலம். பெயின்டு கையா போனா இன்னா?" என்பார்.

உடம்புக்கு வந்தபிறகு எல்லாம் தலைகீழாயிற்று. அந்த முதல் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆப்பிள், மாதுளை, பிஸ்கட், சத்து மாவு டப்பா. பாதி அவர் சாப்பிடக்கூடாதவை. எல்லாவற்றையும் வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, கும்பிட்டு அனுப்பிவிட்டு, அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

"இன்னா ஆச்சுங்க?"

"ஒன்னுமில்ல. எல்லாரும் எனுக்குக் குடுத்துக்கினே இருக்கறாங்க."

ஊசி குத்தும்போதுகூட முகம் சுளிக்காத மனிதர், அன்றைக்குத் தலையணையை நனைத்துவிட்டார்.

வெளியே உட்கார்ந்திருப்பவர்கள்

திங்களும் வியாழனும் எங்களுக்கு விழுப்புரம். விடியுமுன் சோறு கட்டி, வெந்நீர் ஃப்ளாஸ்க்கை நிரப்பிக்கொண்டு பஸ் ஏறிவிடுவோம். கூட்டேரிப்பட்டில் பஸ் நிற்கும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். தூக்கம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மயிலம் பக்கம் வேலைக்குப் போகும்போதெல்லாம் அங்கே இறங்கி டீ குடிப்பாராம். டீக்கடையைப் பார்த்தால் தாகம் எடுக்கும் என்று மூடிக்கொள்கிறார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

டயாலிசிஸ் நடக்கும் நான்கு மணி நேரமும் நோயாளிகள் உள்ளே. கூட வந்தவர்கள் வெளியே நடையில் பெஞ்சில். அங்கேதான் எனக்கு அஞ்சலை பழக்கம்.

வல்லத்துப் பக்கம் ஒரு கிராமம் அவளுக்கு. சொந்த நிலத்தில், எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்கிற வேர்க்கடலையும் கேப்பையும் போடுகிற குடும்பம். செஞ்சி வந்து பஸ் மாறி வருவார்கள். அவள் வீட்டுக்காரர் ஏழுமலையின் கட்டிலும் என் வீட்டுக்காரர் கட்டிலும் பக்கத்துப் பக்கத்தில். எந்த உறவும் இல்லாமலே இரண்டு பேரும் "மச்சான், மச்சான்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதனால் அஞ்சலை என்னை அண்ணி என்று அழைத்தாள்.

உள்ளே படுத்திருக்கும்போது என் வீட்டுக்காரர் போனில் சாக்லேட் செய்கிற வீடியோ பார்ப்பார். ஏழுமலை கழுத்தை நீட்டி அதையே பார்ப்பாராம். "குடிக்கத் தண்ணியில்ல, தின்னப் பழமில்ல. இந்தாளு சாக்லேட் படம் காட்டி உசுர எடுக்கறாருமா" என்று நர்ஸம்மாவிடம் புகார் செய்வாராம்.

அந்த இரண்டாவது டிசம்பரில் ஒரு நாள் திரும்பி வரும்போது பஸ்ஸில் என் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார்.

"மெஷின்ல படுத்துக்கினு இருக்கறவன, எப்படி இருக்கேன்னு ஊரே கேக்குது. வெளிய பெஞ்சுல குந்திக்கினு இருக்கறவங்கள எவன் கேக்கறான்? இந்தக் கிறிஸ்துமஸுக்கு உள்ள இருக்கறவங்க எல்லாம் சேந்து வெளிய இருக்கறவங்களுக்குக் குடுக்கப்போறோம். சாக்லேட்டு. நம்ம வூட்லயே செய்யலாம்."

"உங்களால அவ்ளோ நேரம் குந்த முடியாதுங்க."

"படுத்துக்கினே இருந்தா மட்டும் இன்னா கெடச்சிடுது?"

அப்படித்தான் ஆரம்பித்தது. எங்கள் ஷிஃப்டில் இருந்த ஒவ்வொருவரும் தங்களோடு வருகிறவர் பெயரைச் சொல்ல, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பொட்டலம். யாரும் வெளியே மூச்சுவிடக் கூடாது என்று பேச்சு. எனக்குத் தெரியும், செய்வது என் வீட்டு அடுப்பில் ஆயிற்றே. ஆனால் அஞ்சலைக்குத் தெரியாது.

வாயில் போட்டுப் பார்க்காத மல்லாட்டை

"வெறும் சாக்லேட்டு நல்லாருக்குமா மச்சான்? உள்ள ஒரு பருப்பு வேணாமா?" என்று கேட்டவர் ஏழுமலை. அடுத்த திங்கட்கிழமை துண்டுக்கடியில் ஒரு துணிப்பையை மறைத்து எடுத்து வந்தார். சொந்தக் கொல்லையில் விளைந்த மல்லாட்டை. வறுத்து, தோல் நீக்கி, இரண்டாக உடைத்த பருப்பு. பையை என் வீட்டுக்காரரிடம் உள்ளேயே கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் முறத்தில் கொட்டிப் பார்த்தேன். ஒரு பங்கு சிவக்க வறுபட்டிருந்தது. ஒரு பங்கு கருகியிருந்தது.

"இன்னாங்க இது, இவ்ளோ கருக வுட்டுருக்காரு? வாயில போட்டுப் பதம் பாக்கலையா?"

"அதையேதான் நானும் கேட்டேன். கொட்ட நமக்கு ஆவாதே மச்சான், ஒன்னு போட்டா ஒம்போது கேக்கும், அதனால கண்ணாலயே பாத்து எறக்கிட்டேன்றாரு."

ரொம்பக் கருகியதைப் பொறுக்கி எடுத்துவிட்டேன். லேசாகக் கருகியதை என் வீட்டுக்காரர் எடுக்கவிடவில்லை. "அவரு கைபட்டது, இருக்கட்டும்" என்றார்.

அச்சில் பாதி சாக்லேட் ஊற்றி, பருப்பை வைத்து, மேலே மீதியை ஊற்றுவார். காற்றுக் குமிழி போக அச்சை மேடையில் இரண்டு தட்டு தட்டுவார். ஃபிரிட்ஜில் இறுகியதும் நான் எடுத்துப் பளபளக்கும் தாளில் சுற்றுவேன். பொட்டலத்தின்மேல் பெயர் எழுதுவது மட்டும் அவர் வேலை. போர்டு எழுதுகிற மாதிரி, நிழல் விட்டு எழுதுவார். 'அஞ்சலைக்கு, ஏழுமலை' என்று எழுதிவிட்டுத் தூரத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது.

வியாழக்கிழமை

அந்த வியாழக்கிழமை ஏழுமலை வரவில்லை.

பஸ் தாமதமாயிருக்கும் என்றுதான் இருந்தோம். பக்கத்துக் கட்டிலில் விரிப்பு மாற்றி, மெஷினைத் தயாராக வைத்திருந்தார்கள். வெளியே பெஞ்சில் நான் அஞ்சலைக்கு இடம்போட்டு என் பையை வைத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து நர்ஸம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு நடைக்கு வந்தார். பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு அவர் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

விடியற்காலையில் மூச்சு வாங்கியிருக்கிறது. ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள். செஞ்சி ரோட்டைத் தொடுவதற்குள் முடிந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் அப்போது மெஷினில் இருந்தார். இறங்கும்வரை சொல்லவேண்டாம் என்றார்கள். இறங்கி வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எப்போ?" என்று மட்டும் கேட்டார். ஊசி எடுத்த இடத்தைப் பஞ்சு வைத்து அழுத்திப் பிடித்தபடி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மெஷினில் ஏறிய நாளில் அவருக்குத் தலைசுற்றும், கால் இழுக்கும். அன்றைக்கே வல்லம்வரை கூட்டிப்போக முடியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை எல்லோருக்கும் பொட்டலங்களைக் கொடுத்தோம். சிரித்தவர்களும் இருந்தார்கள். ஓர் அம்மா, "என் புள்ள குடுத்துதா? என் புள்ளையா?" என்று மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்கும் ஒன்று இருந்தது. நான் தைத்த ஜாக்கெட்டுகளைக் கொடுக்கப் போயிருந்த நேரத்தில் எனக்குத் தெரியாமல் என் வீட்டுக்காரர் செய்திருக்கிறார். வாங்கிக்கொண்டேன். பிரிக்க மனம் வரவில்லை. பைக்குள் அஞ்சலையின் பொட்டலம் மட்டும் தனியாகக் கிடந்தது.

எழவு வீட்டுக்கு இனிப்பு

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார்.

"துக்கம் கேக்கப் போவலாம் ரோஸி. பொட்டலத்த எடுத்துக்கோ."

"எழவு வூட்டுக்கு யாருனா இனிப்பு எடுத்துக்கினு போவாங்களா? கருமாதிகூட ஆவலையே. அடிச்சித் தொரத்துவாங்க."

"நாம குடுக்கறதா இருந்தா வேணாம். இது அவரு குடுக்கறது."

செஞ்சி பஸ்ஸில் ஏறி வல்லத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் போனோம். பொட்டலம் நசுங்காமல் நான் மடியில் வைத்திருந்தேன்.

வாசலில் பந்தல் பிரிக்காமல் இருந்தது. ஆண்கள் இரண்டு மூன்று பேர் நாற்காலியில் இருந்தார்கள். ஒருவர் ஊரைக் கேட்டுவிட்டு, "திண்டிவனத்துல எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் எதைக் கேட்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் மறைக்காமல் தெருப் பெயரைச் சொன்னார். கேட்டவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து அஞ்சலை எங்கள் குரலைக் கேட்டுவிட்டாள். "அண்ணி, உள்ள வாங்க" என்றாள்.

மூலையில் பாயில் கிடந்தாள். ஒரு வாரத்தில் பாதி ஆளாகிவிட்டிருந்தாள். என்னைக் கட்டிக்கொள்ளவில்லை, அழவுமில்லை. பக்கத்தில் ஏழுமலையின் அக்கா உட்கார்ந்திருந்தாள். வயதான, கனத்த குரல்காரி. எங்களைப் பார்த்ததும் அவள்தான் ஆரம்பித்தாள்.

"ஆசுபத்திரியில கூட இருந்தவங்களா? கேளுங்க இந்த அநியாயத்த. கொட்ட தின்னக்கூடாதுன்னு டாக்டரு சொன்னாரா இல்லையா? பின்னாடி முறத்துல அவ்ளோ தோலு கெடக்குது. மல்லாட்டைய வறுத்து ஒளிச்சி வெச்சித் தின்னுருக்கான் எந்தம்பி. தின்னு நாலாம் நாளு போய்ட்டான். பொண்டாட்டின்னு ஒருத்தி இத்தயெல்லாம் பாத்துக்கினு இருந்துருக்கா."

அஞ்சலை தலையைத் தூக்கவில்லை.

"நெசந்தான் அண்ணி" என்றாள் தரையைப் பார்த்தபடி. "ஞாயித்துக்கெழம வறுத்தாரு. எதுக்குன்னு கேட்டேன், சும்மாதான்னு சிரிச்சாரு. பைய எங்க வெச்சாருன்னு தேடித் தேடிப் பாத்தேன், கெடைக்கல. எனுக்குத் தெரியாம தின்னுட்டாரு. சண்ட போட்டேன். கேக்கல."

என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். அவருக்கு அப்படி உட்காருவது கஷ்டம்.

"தங்கச்சி, இங்க பாரு. அவரு ஒன்னுகூடத் தின்னல. அந்த மல்லாட்டை முழுசும் எங்கிட்டதான் வந்துச்சு. துண்டுல மறச்சி எடுத்தாந்து குடுத்தாரு. உனுக்குத்தான் அது. கிறிஸ்துமஸுக்கு உனுக்கு சாக்லேட்டு செஞ்சி குடுக்கணும்னு. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு நாங்க எல்லாரும் பேசி வெச்சிக்கினு இருந்தோம்."

நான் பொட்டலத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். தன் பெயரையும் அவர் பெயரையும் விரலை வைத்துப் படித்தாள்.

"பதம் பாக்கக்கூட வாயில போடல. கொட்ட நமக்கு ஆவாதே மச்சான்னு எங்கிட்ட சொன்னாரு. அதனாலதான் கருக வுட்டுட்டாரு" என்றார் அவர்.

அஞ்சலை ஒன்றை எடுத்துத் தாளைப் பிரித்தாள். கையால் இரண்டாக உடைத்தாள். உள்ளே பருப்பு தெரிந்தது. ஓரம் கருகியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, கருக வுட்டுட்டாரு" என்று சொல்லி வாயில் போட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அப்படி ஓர் அழுகை.

"மூணு நாளு நான் அவருகிட்ட பேசல அண்ணி. சோத்தப் போட்டுத் தட்டத் தள்ளி வெச்சேன். மூணு நாளும் சிரிச்சிக்கினே இருந்தாரு. எதுக்கு சிரிக்கறாருன்னு எனுக்கு எரிச்சலா வந்துச்சு. எனுக்காத்தான் சிரிச்சிக்கினு இருந்தாரா?"

அவள்மேல் இருந்த ஒரு பழியை எடுத்துவிட்டோம் என்று ஒரு நிமிடம் நினைத்திருந்தேன். எடுத்த இடத்தில் வேறொன்றை வைத்துவிட்டோம் என்பது அப்போது புரிந்தது. என் வீட்டுக்காரர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

ஏழுமலையின் அக்கா முழங்காலில் கைகொடுத்து எழுந்து அடுக்களைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் தட்டில் சோறும் ரசமும் இருந்தன. சாவு விழுந்ததிலிருந்து அஞ்சலை சாப்பிடவில்லை என்று பிறகு தெரிந்தது. எதிரில் உட்கார்ந்து, பிசைந்து, ஒரு வாய் எடுத்து நீட்டினாள்.

"துன்னு" என்றாள். "எம்மேலதான் தப்பு. துன்னு."

பந்தல் முனைவரை

நாங்கள் கிளம்பியபோது அஞ்சலை எழுந்து பந்தல் முனைவரை வந்தாள். அதற்குமேல் அவள் வரக்கூடாது.

"தண்ணிய கொறச்சிக்கோங்கண்ணே" என்றாள் என் வீட்டுக்காரரிடம். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கு வியாழக்கெழம இல்ல அண்ணி?"

"ஆமா."

"நாலு வருஷமா திங்களு வியாழன் இருட்டுல எழுந்துக்கினு ஜல்தி ஜல்தின்னு அவர வெரட்டிக்கினு இருந்தேன். எப்போ இதுலர்ந்து வுடுதலன்னு பொலம்பிக்கினும் இருந்தேன். நாளைக்கு முழிப்பு வந்துடும். எழுந்து நான் இன்னா பண்றது?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். போய் ஏறிக்கொண்டோம்.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் என் வீட்டுக்காரரும் போய்விட்டார். அதைப் பற்றி எழுத இன்னும் எனக்குத் தெம்பு வரவில்லை. அடக்கத்துக்கு அஞ்சலை வந்திருந்தாள். அவளோடு ஏழுமலையின் அக்காவும் வந்திருந்தாள். கல்லறைவரை இரண்டு பேரும் என்னோடு நடந்தார்கள்.

அடக்கம் முடிந்து உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிய பிறகு வந்த முதல் வியாழக்கிழமை, இருட்டில் எழுந்துவிட்டேன். விளக்கைப் போட்டேன். அரிசியைக் களைந்து உலையில் போட்டேன். ஃப்ளாஸ்க்கைக் கழுவி வெந்நீர் ஊற்றி மூடியைத் திருகும்போதுதான் கை நின்றது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. உலை மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு அஞ்சலைக்குப் போன் போட்டேன். இந்த நேரத்தில் போட்டால் பயந்துபோவாளே என்று போட்டபிறகுதான் தோன்றியது. மணி ஒரு தடவை முழுதாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

"எழுந்துட்டீங்களா அண்ணி?" என்றாள்.